திருவருகைக் காலத்தைச் சபையாக அனுசரிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நவம்பர் பிறந்ததும் சிங்கப்பூரின் தமிழ்ச் சபைகளிலும் பங்குகளிலும் ஆண்டுதோறும் எழும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. ஓபீர் சாலை லூர்து அன்னை ஆலயத்தில் திருப்பலி காண்பவரும், ஷார்ட் ஸ்திரீட் தமிழ் மெதடிஸ்ட் சபையிலோ டோர்செட் சாலை கிறைஸ்ட் சர்ச்சிலோ ஆராதிப்பவரும் இதைப் படிக்கக்கூடும் என்பதால், மரபுக்கு மரபு வழக்கம் மாறும் இடங்கள் அங்கங்கே சுட்டப்பட்டுள்ளன. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளை உள்ளடக்கிய ஆயத்தக் காலம் இது; கத்தோலிக்கர் திருவருகைக் காலம் என்பதும் மற்றவர்கள் பெரும்பாலும் அட்வென்ட் என்பதும் ஒன்றுதான்.

இக்காலம் எந்த நாளில் தொடங்குகிறது?

புனித அந்திரேயாவின் திருநாளான நவம்பர் 30க்கு மிக அருகில் வரும் ஞாயிறே திருவருகையின் முதல் ஞாயிறு. எனவே அது நவம்பர் 27க்கு முன்போ டிசம்பர் 3க்குப் பின்போ வருவதில்லை. 2026இல் நவம்பர் 29ஆம் தேதியும் 2027இல் நவம்பர் 28ஆம் தேதியும் தொடக்க நாட்கள். ஞாயிறுகள் எப்போதும் நான்குதான். நாட்களின் எண்ணிக்கை 22இலிருந்து 28 வரை மாறும். 2023இல் கிறிஸ்துமஸ் திங்கட்கிழமை வந்ததால், காலையில் நான்காம் ஞாயிறு ஆராதனையும் அன்று இரவே கிறிஸ்துமஸ் முன்னிரவு ஆராதனையும் நடத்த வேண்டியிருந்தது. பாடகர் குழுவினர் அதை எளிதில் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆர்ச்சர்ட் சாலையில் விளக்குகள் நவம்பர் நடுவிலேயே ஏற்றப்பட்டுவிடுவதால் பண்டிகை அப்போதே தொடங்கிவிட்டதாகத் தோன்றும். வணிகர்களின் நாட்காட்டி அது. திருச்சபையின் நாட்காட்டி வேறு. உங்கள் அலுவலகத்தில் கேரளத்தின் பழைய சிரியன் கிறிஸ்தவ மரபான மலங்கரை மரபைச் சேர்ந்த மலையாள நண்பர் இருந்தால், அவர் டிசம்பர் 1 முதல் 25 நாள் நோன்பு இருப்பதைக் காணலாம். கிரேக்க, ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் மரபினருக்கு நவம்பர் 15இல் தொடங்கும் 40 நாள் நோன்பு உண்டு.

வேதத்தில் கட்டளையிடப்படாத ஒன்றை நம் சபை ஏன் அனுசரிக்க வேண்டும்?

வேதத்தில் இதற்குக் கட்டளை இல்லை என்பது உண்மை. டிசம்பர் 25ஐக் கொண்டாடவும் கட்டளை இல்லை. இக்காலம் ஒரே நாளில் யாரோ வகுத்துவைத்ததன்று. 380இல் ஸ்பெயினின் சரகோசாவில் கூடிய ஆயர்கள், டிசம்பர் 17 முதல் ஜனவரி 6 வரை விசுவாசிகள் எவரும் ஆலயத்துக்கு வராமல் இருக்கலாகாது என்று விதித்தார்கள். அடுத்த நூற்றாண்டில் பிரான்சின் தூர் நகர ஆயர் பெர்பெத்துவஸ், புனித மார்ட்டினின் திருநாளான நவம்பர் 11 முதல் கிறிஸ்துமஸ் வரை வாரத்தில் மூன்று நாள் உபவாசிக்கும் ஒழுங்கை ஏற்படுத்தினார். 581 வாக்கில் மாக்கோன் சங்கம் திங்கள், புதன், வெள்ளி என்று அந்த நாட்களைக் குறித்துக் கொடுத்தது. நான்கு ஞாயிறுகள் என்ற வடிவம் ரோமாபுரியில் அதன் பின்னரே நிலைபெற்றது. மிலான் நகர வழிபாட்டு மரபில் இன்றும் ஆறு வாரங்கள் உண்டு. ஆலயத்துக்கு வருவதும் உபவாசமும் இக்காலத்தின் மிகப் பழைய கூறுகள் என்பதும், ஞாயிறுக்கு ஒன்றாக ஏற்றும் நான்கு மெழுகுவர்த்திகளும் அவற்றைத் தாங்கும் வளையமும் மிகப் பிற்காலத்தவை என்பதும் இந்த வரலாற்றிலிருந்து தெரிகின்றன.

லூத்தரன், ஆங்கிலிக்கன் சபைகள் சீர்திருத்தத்துக்குப் பின்னும் இதைக் கைவிடவில்லை. பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றில் இவ்வழக்கம் இல்லை. அவர்களுடன் இதற்காக வாதிட வேண்டியதும் இல்லை. ஒருவன் ஒரு நாளை விசேஷமாக எண்ணுவதும் மற்றொருவன் எல்லா நாட்களையும் சரியாக எண்ணுவதும் கர்த்தருக்கென்றே இருக்கட்டும் என்று ரோமர் 14இல் பவுல் இதற்கு இடம் விட்டிருக்கிறார். ஆயினும் அட்வென்ட் அனுசரிப்பதில்லை என்று சொல்லும் சபையும் டிசம்பர் முழுவதையும் நாடக ஒத்திகை, பரிசுக் குலுக்கல், விருந்து, கேரல் பவனி என்று ஏதோ ஓர் ஒழுங்கில்தான் கழிக்கிறது. அந்த ஒழுங்கில் ஜெபத்துக்கும் ஏழைகளுக்கும் எவ்வளவு இடம் இருக்கிறது என்று சபை தன்னையே கேட்டுக்கொண்டால் போதும்.

இது குழந்தை இயேசுவின் பிறப்புக்கான ஆயத்தம் மட்டும்தானா?

இல்லை. முதல் ஞாயிற்றின் வேதபாடத்தைக் கவனித்தாலே இது விளங்கும். மூன்று ஆண்டுச் சுழற்சியில் வாசகங்களை அமைத்துக்கொள்ளும் சபைகளுக்கு, 2026 நவம்பரில் மாற்கு நற்செய்தியின் ஆண்டு தொடங்குகிறது. முதல் ஞாயிறு வாசிக்கப்படுவது மாற்கு 13இன் இறுதிப் பகுதி: வீட்டெஜமான் எந்த நேரத்தில் வருவான் என்று அறியாததால் விழித்திருங்கள் என்னும் எச்சரிக்கை. இரண்டாம், மூன்றாம் ஞாயிறுகள் யோவான் ஸ்நானகனுக்கு உரியவை. மரியாளிடம் தூதன் வரும் காட்சி நான்காம் ஞாயிறுதான் வருகிறது. மூன்று வாரங்கள் நியாயத்தீர்ப்பையும் மனந்திரும்புதலையும் கேட்ட பிறகே தொழுவத்தின் பக்கம் திரும்புகிறோம். இந்த வரிசை வேண்டுமென்றே அமைக்கப்பட்டது என்பதால், முதல் வாரத்திலேயே கிறிஸ்து பிறப்புக் குடிலைத் திறந்துவிடும் சபை, யோவானின் குரலுக்கு இடமில்லாமல் செய்துவிடுகிறது என்றே சொல்ல வேண்டும்.

ஆராதனையில் என்னென்ன மாறுகிறது?

பீடத்துக்கும் குருவின் மேலங்கிக்கும் ஊதா நிறம். சில சபைகளில் நீலம். கத்தோலிக்கத் திருப்பலியில் ‘உன்னதங்களிலே’ எனத் தொடங்கும் வானவர் கீதம் பாடப்படுவதில்லை. ஆனால் அல்லேலூயா நிறுத்தப்படுவதில்லை. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இந்த ஒன்றிலேயே தெரிந்துவிடும். மூன்றாம் ஞாயிறு மட்டும் இளஞ்சிவப்பு நிறம். கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள் என்னும் பிலிப்பியர் 4:4 அன்றைய திருப்பலியின் தொடக்கத்தில் வரும் வருகைப் பல்லவி. டிசம்பர் 17 முதல் 23 வரை மாலை ஜெபத்தில், ஞானமே, ஈசாயின் வேரே, தாவீதின் திறவுகோலே, இம்மானுவேலே என்றெல்லாம் கிறிஸ்துவை விளித்து வரவேற்கும் ஏழு பழைய முன்மொழிகள் (பாடலுக்கு முன்னும் பின்னும் சொல்லும் சிறு வரிகள்) உள்ளன. ஆங்கிலிக்கன் ஜெப ஒழுங்கில், அந்தகாரத்தின் கிரியைகளைத் தள்ளி ஒளியின் ஆயுதங்களைத் தரித்துக்கொள்ளக் கிருபை கேட்கும் முதல் ஞாயிற்றின் ஜெபத்தைக் கிறிஸ்துமஸ் முன்னிரவு வரை ஒவ்வொரு நாளும் திரும்பச் சொல்ல வேண்டும் என்று குறித்திருக்கிறது. ஒரே ஜெபத்தைக் குடும்பமாக நான்கு வாரம் சொன்னால் சிறுவர்களுக்கும் மனப்பாடம் ஆகிவிடும். இதைவிடச் சிக்கனமான ஞாயிறு பள்ளிப் பாடம் எனக்குத் தெரியவில்லை.

வளையத்தைப் பற்றித்தான் மிகுதியாகக் கேட்கிறார்கள். 1839இல் ஹாம்பர்க் நகரில், ஆதரவற்ற சிறுவர்களுக்கான இல்லம் நடத்திவந்த லூத்தரன் ஊழியர் யோஹான் ஹின்ரிக் விக்கெர்ன், கிறிஸ்துமஸுக்கு இன்னும் எத்தனை நாள் என்று ஓயாமல் கேட்ட பிள்ளைகளுக்காக ஒரு மரச்சக்கரத்தில் மெழுகுவர்த்திகளைப் பொருத்தினார். ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை, மற்ற நாட்களுக்குச் சிறிய சிவப்பு. இன்று பேரங்காடிகளில் அலங்காரப் பொருளாக விற்கப்படும் வளையம் ஓர் ஏழைச் சிறுவர் இல்லத்தில் பிறந்தது. நான்கு மெழுகுவர்த்திகளுக்கு நம்பிக்கை, சமாதானம், மகிழ்ச்சி, அன்பு என்று பொருள் சொல்வது ஒரு வழக்கம். தீர்க்கதரிசிகள், பெத்லகேம், மேய்ப்பர், தூதர் என்று சொல்வது இன்னொன்று. எது சரி என்று ஆலயக் குழுவில் விவாதித்து ஒரு மாலைப் பொழுதை வீணாக்க வேண்டாம். இரண்டுமே விக்கெர்னுக்குப் பின் சேர்ந்தவை.

டிசம்பர் தொடக்கத்திலிருந்தே கிறிஸ்துமஸ் கீதங்களைப் பாடலாமா?

கறாரான விடை, கூடாது என்பது. நடைமுறை விடை வேறு. நவம்பர் கடைசியிலிருந்து பள்ளி விடுமுறை என்பதால், பாதிக் குடும்பங்கள் டிசம்பர் நடுவில் திருச்சிக்கோ திருநெல்வேலிக்கோ புறப்பட்டுவிடுகின்றன. அவர்கள் இருக்கும்போதே கேரல் ஆராதனையை வைத்துவிட வேண்டும் என்று போதகர்கள் நினைப்பதில் நியாயம் உண்டு. ஞாயிறு ஆராதனையில் பாமாலை என்னும் பாட்டுப் புத்தகத்தின் வருகைப் பாட்டுகளைப் பாடிவிட்டு, கேரல் ஆராதனையைத் தனியாக ஒரு மாலையில் நடத்துவது நல்ல சமரசம். பாமாலையிலும் கீர்த்தனையிலும் வருகைக்கென்றே இருக்கும் பாட்டுகள் பல சபைகளில் ஆண்டுக்கு ஒருமுறைகூடத் திறக்கப்படுவதில்லை. அவற்றை மீட்டெடுக்க இந்த நான்கு வாரங்களைவிடப் பொருத்தமான நேரம் கிடைக்காது.

வீட்டில் எளிமையாக என்ன செய்யலாம்?

இரவு உணவுக்கு மேசையில் அமரும்போது விளக்குகளை அணைத்துவிட்டு அந்த வாரத்துக்குரிய மெழுகுவர்த்திகளை ஏற்றி, ஏசாயாவிலிருந்து சில வசனங்களை வாசித்து, ஒரு ஜெபம் சொல்லலாம். ஐந்து நிமிடம் போதும். அடுக்குமாடி வீட்டில் முதலில் மின்விசிறியை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் சுடர் நிற்காது. விசிறி நின்றதும் தாழ்வாரக் குழல்விளக்கின் வெளிச்சம் சன்னல் வழியாக உள்ளே விழுவதும், பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி கேட்பதும், கடைக்குட்டி வியர்வையைத் துடைத்துக்கொண்டு அடுத்த வர்த்தியை யார் ஏற்றுவது என்று சண்டை பிடிப்பதும் நடக்கத்தான் செய்யும். புழுக்கம் தாங்காமல் ஜெபம் சுருங்கிவிடுவதையும் குறையாக எண்ண வேண்டியதில்லை.

உபவாசம் கட்டாயமா?

இன்றைய கத்தோலிக்கச் சட்டப்படி உபவாசம் கட்டாயமான நாட்கள் திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் மட்டுமே; திருவருகைக் காலம் பக்தியும் மகிழ்ச்சியும் கலந்த எதிர்பார்ப்பின் காலமாகவே விவரிக்கப்படுகிறது. எனினும் ஆண்டின் எல்லா வெள்ளிக்கிழமைகளும் ஒறுத்தல் நாட்கள்தாம். பல பங்குகளில் கிறிஸ்துமஸுக்கு முன் பாவ அறிக்கைக்கான ஒப்புரவு வழிபாடும் வைக்கப்படுகிறது. மெதடிஸ்டுகளுக்குச் சட்டம் இல்லை. ஆனால் அவ்வியக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி தம் இளமைக் காலத்தில் புதனும் வெள்ளியும் உபவாசித்தவர் என்பதும் அது ஆதித் திருச்சபையின் வழக்கத்தைப் பின்பற்றியது என்பதும் அச்சபையார் நினைவில் கொள்ளத் தக்கவை. முதல் நூற்றாண்டின் இறுதியையோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தையோ சேர்ந்ததாகக் கருதப்படும் ‘திதாக்கே’ என்னும் போதனை நூலே புதன், வெள்ளி என்று அந்த இரு நாட்களைக் குறிப்பிடுகிறது.

ஆகவே எவரையும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் சபையாகச் சேர்ந்து ஒரு நாளை நியமித்துக்கொள்ளலாம். ஆயிரம் வேலைகளுக்கு நடுவில் தனியாக உபவாசம் தொடங்குபவர் இரண்டாம் வாரமே விட்டுவிடுவது இயல்பு. முப்பது பேர் ஒரே வெள்ளிக்கிழமையில் மதிய உணவைத் தவிர்க்கிறார்கள் என்று தெரிந்தால் உறுதி வருகிறது.

எப்படி உபவாசிப்பது? எதைச் சாப்பிடாமல் இருப்பது?

ஒரு வேளை உணவைத் தவிர்ப்பது, இறைச்சியையும் மதுவையும் நான்கு வாரம் விட்டுவிடுவது, வெள்ளிதோறும் மாலை வரை தண்ணீர் மட்டும் அருந்துவது என்று பல வழிகள் உள்ளன. எது பொருத்தம் என்பது உங்கள் உடலையும் வேலையையும் பொறுத்தது. தவிர்த்த உணவின் விலை எங்கே போகிறது என்பதுதான் இதில் முக்கியம் என்று நான் கருதுகிறேன். இது புதிய கருத்தன்று. இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் எழுந்த ‘ஹெர்மாசின் மேய்ப்பன்’ என்னும் நூல், உபவாச நாளில் நீ உண்டிருக்கக்கூடிய உணவின் செலவைக் கணக்கிட்டு அதை விதவைக்கோ அனாதைக்கோ இல்லாதவருக்கோ கொடு என்று செய்முறையாகவே சொல்லித் தருகிறது. ஏறத்தாழ அதே காலத்தில் ஆதென்ஸ் நகரத்து அரிஸ்திதேஸ் கிறிஸ்தவர்களைப் பற்றிச் சக்கரவர்த்திக்கு எழுதுகையில், தங்களிடம் மிகுதியாக உணவு இல்லாதபோது, வறியவருக்கு உணவளிப்பதற்காக இரண்டு மூன்று நாள் தாங்களே பட்டினி இருப்பார்கள் என்று குறிப்பிட்டார். ஐந்தாம் நூற்றாண்டின் திருத்தந்தை லியோ, டிசம்பர் மாத உபவாசத்தைக் குறித்த மறையுரைகளில் ஈகையைத் தவிர்த்துவிட்டுப் பேசியதே இல்லை எனலாம்.

சிங்கப்பூரில் கணக்கு எளிது. உணவங்காடி நிலையத்தில் மதியச் சாப்பாட்டுக்கும் தே தாரிக்கும் கொடுக்கும் ஏழெட்டு வெள்ளியைத் தவிர்த்த அன்றே ஓர் உறையில் போடுங்கள், அல்லது சபையின் கணக்குக்குப் பேநவ் வழியாக அனுப்பிவிடுங்கள். மாதக் கடைசியில் சேர்த்துக் கொடுக்கலாம் என்று விட்டால் அது கிறிஸ்துமஸ் துணிமணிச் செலவில் கரைந்துவிடும்.

ஒன்றைக் கொஞ்சம் உரிமையோடு சொல்ல வேண்டும். நம் சபைகளின் உபவாச ஜெபங்கள் பல, பிற்பகல் ஒரு மணிக்குப் பிரியாணிப் பொட்டலத்துடன் நிறைவடைகின்றன. காலை உணவை மட்டும் தள்ளிவைத்து மதியத்தில் இரட்டிப்பாக உண்பதற்கு வேறு பெயர் இருக்கக்கூடும். உபவாசம் என்று அதைச் சொல்வது கடினம். கஞ்சியும் துவையலும் வைத்து முடித்தால் செலவும் குறையும், மிச்சப் பணத்தைக் காணிக்கைப் பெட்டியில் சேர்க்கவும் முடியும். கஞ்சி காய்ச்சுவதற்குப் பெண்கள் ஐக்கியத்தையே எப்போதும் எதிர்பார்க்காமல், இம்முறை வாலிபர்கள் அடுப்படிக்குப் போகட்டும்.

நீரிழிவு உள்ளவர்களும் கடின வேலை செய்பவர்களும் உபவாசிக்கலாமா?

இன்சுலின் போடுபவர்களும், சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேளாமல் ஒரு வேளை உணவைக்கூடத் தவிர்க்கக் கூடாது. சர்க்கரை அளவு திடீரெனத் தாழ்வது ஆபத்தானது. பலதுறை மருந்தகத்துக்கு அடுத்த முறை செல்லும்போது கேட்டுக்கொள்ளலாம். கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், சிறுவர்கள், உடல் தளர்ந்த முதியோர் ஆகியோருக்கு விலக்கு உண்டு. வெயிலில் கட்டுமானத் தளத்திலோ கப்பல் பட்டறையிலோ உழைப்பவர் தண்ணீரைத் தவிர்க்க வேண்டியதில்லை. இவர்கள் இனிப்பையோ கைப்பேசியில் படம் பார்ப்பதையோ விடலாம். எதையும் விடாமல் ஜெபத்தில் மட்டும் கலந்துகொள்ளலாம்.

அலுவலகக் கிறிஸ்துமஸ் விருந்துகளை என்ன செய்வது?

போகலாம். உபவாசிக்கும்போது தலைக்கு எண்ணெய் பூசி முகத்தைக் கழுவுங்கள் என்றே மத்தேயு 6 சொல்கிறது. விருந்து மேசையில் முகத்தை வாட விட்டு அமர்வது அதற்கு நேர்மாறானது. விருந்து வெள்ளியன்று விழுந்தால் உங்கள் உபவாசத்தை வியாழனுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பிற சமய உறவினர்களுக்கு இதை எப்படி விளக்குவது?

இங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் பலவற்றில் சித்தப்பா வீடோ மாமியார் வீடோ இந்துக் குடும்பமாக இருக்கும். விரதம் என்பதை அவர்களுக்கு விளக்க வேண்டிய தேவையே பெரும்பாலும் எழுவதில்லை. கார்த்திகையில் மாலை போட்டு ஐயப்பனுக்கு விரதம் இருப்பவரும், டிசம்பர் நடுவில் தொடங்கும் மார்கழியில் விடியலில் எழுந்து கோலமிடுபவரும் ஏறத்தாழ இதே வாரங்களில்தான் அதைச் செய்கிறார்கள். நீங்கள் இறைச்சி உண்ணாததைப் பார்த்து அவர்கள் வியப்படையப் போவதில்லை. நோக்கம் என்ன என்று கேட்டால், ஆண்டவர் மறுபடியும் வருவார் என்பதற்காக எங்களை ஆயத்தப்படுத்திக்கொள்கிறோம் என்று நேராகச் சொல்லிவிடலாம்.

ஈகையைச் சபையாக எப்படி ஒழுங்குபடுத்துவது?

தமிழ்நாட்டுச் சபைகளில் பிடியரிசி என்று ஒரு வழக்கம் உண்டு. உலை வைக்கும்போதெல்லாம் வீட்டுப் பெண்கள் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட்டுவைத்து, நிறைந்ததும் ஆலயத்துக்குக் கொண்டுவருவார்கள். வாங்கிய மூட்டையிலிருந்து மொத்தமாகக் கொடுப்பதைவிட இதில் நன்மை ஒன்று உண்டு: ஒவ்வொரு நாளும், சமைக்கும் நேரத்தில், இல்லாதவரை நினைத்தே ஆக வேண்டும். மின்குக்கரில் அரிசி அளக்கும் வீட்டிலும் இதைச் செய்யலாம். ஒரு காலி மைலோ டப்பாவை அரிசிப் பெட்டிக்கு அருகில் வைத்து, ஒவ்வொரு முறையும் ஒரு பிடி. நான்காம் ஞாயிறு எல்லா டப்பாக்களும் பீடத்தின் முன் வந்து சேரட்டும். அரிசியாகக் கொண்டுவர விரும்பாதவர் நாணயமாகச் சேர்க்கலாம். வாரத்தின் முதல் நாளில் அவரவர் வரவுக்குத் தக்கதைத் தனியே எடுத்துவைக்கும்படி கொரிந்தியருக்குப் பவுல் எழுதியதும் இந்த முறைதான்.

அடுத்தது, யாருக்குக் கொடுப்பது என்பது. டிசம்பரில் முதியோர் இல்லங்களுக்கும் சிறுவர் இல்லங்களுக்கும் பரிசுப் பைகள் குவிகின்றன. ஒரே மாலையில் இரண்டு மூன்று குழுக்கள் பாடிவிட்டுப் போவதும் உண்டு. பிப்ரவரியில் அந்த வாசலில் எவரும் இல்லை. ஆகவே இக்காலத்தில் சேர்ப்பதை இக்காலத்திலேயே செலவிட்டாக வேண்டும் என்று எண்ண வேண்டாம். மெதடிஸ்ட் வெல்ஃபேர் சர்விசஸ், வெளிநாட்டு ஊழியர்களுக்கு மருத்துவ உதவி அளிக்கும் ஹெல்த்சர்வ், பங்குகளில் இயங்கும் வின்சென்ட் தே பவுல் சபை போன்ற அமைப்புகளிடம், எந்த மாதத்தில் எது தேவைப்படும் என்று முன்கூட்டியே கேட்டுவிட்டுக் கொடுப்பது நல்லது. கடைத்தொகுதிகளில் டிசம்பரில் மணியடித்துக்கொண்டு நிற்கும் இரட்சணிய சேனையாரின் சிவப்பு நன்கொடைக் கெண்டி 1891இல் சான் பிரான்சிஸ்கோவில் ஏழைகளுக்குக் கிறிஸ்துமஸ் உணவளிக்கத் தொடங்கியது. அதைக் கடந்துபோகும்போது பிள்ளைகள் கையால் போடச் சொல்லலாம்.

வெளிநாட்டு ஊழியர்களுக்கு என்ன செய்யலாம்?

தங்குவிடுதியில் உணவுப் பொட்டலம் வழங்குவதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றுகிறது. விடுதி நடத்துநரின் அனுமதியுடன் அதைச் செய்யலாம். ஆனால் அந்த ஊழியர்களில் கிறிஸ்தவர்கள் சிலர் ஞாயிறு மாலையில் நம் பின்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களை உதவி பெறுபவராக மட்டுமே நடத்துவது தவறு. வளையத்தின் மெழுகுவர்த்தியை ஏற்றவும், வேதபாடம் வாசிக்கவும், பிடியரிசி கொண்டுவரவும் அவர்களையும் அழையுங்கள். மக்கெதோனியாவின் ஏழைச் சபைகள் தங்கள் கொடிய தரித்திரத்தின் நடுவிலும் தாராளமாய்க் கொடுத்ததாகத்தான் இரண்டாம் கொரிந்தியர் 8 சாட்சி சொல்கிறது.

இல்லப் பணிப்பெண்களின் நிலையையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். 2023 ஜனவரி 1 முதல், மாதத்துக்கு ஒரு ஓய்வுநாளையாவது பணம் கொடுத்து ஈடுசெய்யாமல் அளித்தே ஆக வேண்டும் என்பது சட்டம். கேரல் குழு இரவு ஒன்பது மணிக்கு உங்கள் வீட்டுக்கு வருகிறது என்றால், வடையும் கேக்கும் எடுத்துவைத்து, எல்லாரும் போன பின் பாத்திரம் கழுவி, நள்ளிரவில் படுக்கப்போவது யார்? சட்டம் கேட்பதற்கு மேலாக டிசம்பரின் ஞாயிறுகள் எல்லாவற்றிலும் அவருக்கு விடுப்புக் கொடுத்துவிட்டு வீட்டு வேலையைக் குடும்பத்தார் பங்கிட்டுக்கொள்வது, உறையில் போடும் எந்தக் காணிக்கைக்கும் குறைந்ததன்று. ஒடுக்கப்பட்டவரை விடுதலையாக்கி விடுவதே தமக்கு உகந்த உபவாசம் என்று ஏசாயா 58இல் கர்த்தர் சொல்வதும், அவ்வதிகாரத்தின் மூன்றாம் வசனம் உபவாச நாளில் வேலையாட்களிடம் கடுமையாக வேலை வாங்குவதைக் கண்டிப்பதும் சேர்த்து வாசிக்க வேண்டியவை.

தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ உள்ள பணிகளுக்குச் சபையாகப் பணம் திரட்டலாமா? வரிவிலக்கு கிடைக்குமா?

வெளிநாட்டு அறப்பணிகளுக்காகப் பொதுமக்களிடம் நன்கொடை திரட்ட, அறநிறுவன ஆணையரின் அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும். வெள்ள நிவாரணம் போன்ற அவசர வேளைகளில் உணர்ச்சிவேகத்தில் வாட்ஸ்அப் குழுக்களில் வேண்டுகோள் விடுமுன் சபைச் செயலாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வரியைப் பொறுத்தவரை, ஐபிசி (பொது நல அமைப்பு) தகுதி பெற்ற அறநிறுவனங்களுக்கு 2026 டிசம்பர் 31 வரை அளிக்கும் தகுதியுள்ள நன்கொடைகளுக்கு, வரிக்குரிய வருமானத்தில் 250 விழுக்காட்டுக் கழிவு உண்டு. சபைக்கு நேரடியாகச் செலுத்தும் தசமபாகமும் ஸ்தோத்திரக் காணிக்கையும் பொதுவாக அதில் அடங்குவதில்லை.

கேரல் பவனியில் கிடைக்கும் காணிக்கையை எப்படிப் பயன்படுத்துவது?

வீடு வீடாகச் செல்லும் பவனியில் உறையில் கிடைக்கும் தொகையைப் பாடகர் குழுவின் விருந்துக்கும் சீருடைக்கும் செலவிடுவது பரவலான வழக்கம். முழுவதையும் அப்படிச் செய்யாமல், எந்தப் பணிக்குப் போகிறது என்று பாடத் தொடங்குமுன் ஒரு வாக்கியத்தில் அறிவித்துவிட்டால் கொடுப்பவருக்கும் தெளிவு. அடுக்குமாடிகளில் இரவு பத்தரை மணிக்குள் முடித்துக்கொள்வது நல்லது; அக்கம்பக்கத்தார் உறங்க வேண்டும்.

நடுவில் இரண்டு வாரம் ஊருக்குப் போகிறோம். என்ன செய்வது?

டப்பாவை எடுத்துப் போக முடியாது. பழக்கத்தை எடுத்துப் போகலாம். ஊரில் நீங்கள் செல்லும் சபையும் அதே காலத்தைத்தான் அனுசரித்துக்கொண்டிருக்கும். இரண்டாம் வாரத்தில் தொடங்குவதிலும் தடையில்லை. முதல் ஞாயிற்றைத் தவறவிட்டவர் இரண்டு மெழுகுவர்த்திகளைச் சேர்த்து ஏற்றிக்கொண்டு அங்கிருந்து தொடரலாம்.

திரண்ட தொகையைப் பற்றிச் சபைக்கு எப்போது தெரிவிக்க வேண்டும்?

ஞானிகள் குழந்தை இயேசுவைக் கண்டதை நினைவுகூரும் திருக்காட்சி ஞாயிறு ஏற்றது; அது ஜனவரி 6ஐ ஒட்டி வரும். அதற்குள் ஊர் சென்றவர்களும் திரும்பியிருப்பார்கள். உபவாசக் காணிக்கை, பிடியரிசி, கேரல் காணிக்கை ஆகிய மூன்றையும் தனித்தனியே காட்டி, எவ்வளவு கொடுக்கப்பட்டது, எவ்வளவு கையிருப்பு, அது எந்த மாதத்தில் யாருக்குப் போகும் என்பதை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள். பெற்றவர்களின் பெயர் அதில் வேண்டாம். கொடுத்தவர்களின் பெயரும் வேண்டாம்.